மெயில் போடக் கூடாத மகன்

அடுத்தவர் வீட்டுப் பாசத்தை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் தொழில். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை இணையத்தில் பணம் கட்டுவான். பெங்களூரில் இருக்கிற அவன் அம்மா கையில் நாங்கள் மல்லிகைப்பூவும் மைசூர்பாகும் கொடுப்போம். கடை என்றால் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறை, ஒரு கம்ப்யூட்டர், நான், என் கொழுந்தன் தினேஷ், அவ்வளவுதான். "வருகிற வாரம் உங்கள் அம்மா பிறந்தநாள்" என்று நாங்கள் மெயில் போட்டு ஞாபகப்படுத்தினால்தான் ஆர்டரே வரும். அந்த மெயிலுக்குத்தான் வந்தது வினை. இணையத்தில் கடை விரித்துக் கையைச் சுட்டுக்கொண்ட மகாஜனங்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

விலாசம் போடு

குப்பை மெயிலை ஒழிக்க அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான். வியாபார மெயில் ஒவ்வொன்றின் அடியிலும் கடை விலாசம் இருக்கணுமாம். சரி, ஒழியட்டும் என்று வீட்டு விலாசத்தையே போட்டோம். லீவில் வந்த ஒரு வாடிக்கையாளர் அதை வைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். நான் கொடியில் பெட்ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தேன். அதை விலக்கி எட்டிப் பார்த்தவருக்கு முகமே தொங்கிப்போச்சு. "இதுவா உங்க ஆபீஸ்? வைட்ஃபீல்ட்ல கண்ணாடி பில்டிங்னு நெனச்சு ஃப்ரெண்ட்ஸ்கிட்டல்லாம் சொல்லிட்டேனே!"

குப்பை பட்டன்

தீபாவளி நேரம் பார்த்து ஒரு மெயிலும் போகவில்லை. எங்கள் கடைக்கு இணையத்தில் இடம் கொடுத்த கம்பெனியைக் கேட்டால், "குப்பை மெயில் அனுப்புறீங்கன்னு உங்க மேல ஸ்பேம் புகார் வந்திருக்கு, நிறுத்திட்டோம்" என்கிறான். நாங்கள் என்ன லாட்டரி மெயிலா அனுப்பினோம்? அந்த வருஷத் தீபாவளி ஆர்டர் அத்தனையும் போச்சு. புகார் செய்தது யாரென்று பார்த்தால், வருஷா வருஷம் எங்களிடம் வாங்குகிற ஒரு அக்கா! போன் போட்டுக் கேட்டேன். பாவம், அவருக்கே தெரியவில்லை. "மெயில் நெறைய சேந்துடுச்சேன்னு மொத்தமா அந்த ஸ்பேம் பட்டனை அமுக்கினேன்மா. அழிக்கிறதும் அதுவும் ஒண்ணுதானே?"

வேண்டாம்

அந்த அமெரிக்கச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. மெயிலின் அடியில் 'இனி அனுப்ப வேண்டாம்' என்று ஒரு வரி இருக்கணும். ஒருவர் அதை அமுக்கிவிட்டால் அவருக்கு அதற்கப்புறம் வியாபார மெயில் போகக் கூடாது. பெங்களூர் அடுகோடியில் இருக்கிற சரோஜாம்மாவின் ஒரே மகன் அதை அமுக்கிவிட்டான். மறு வருஷம் அவனிடமிருந்து ஆர்டர் இல்லை. அவன் கொடுத்திருந்த போன் நம்பரும் வேலை செய்யவில்லை. ஒரே ஒரு மெயில் போடலாம் என்று தினேஷிடம் கெஞ்சினேன். அவன் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டான். "யார் பேர்ல போட்டாலும் நாமதான்னு தெரிஞ்சிடும் அண்ணி. இன்னொரு புகார் வந்தா கடையே காலி. வேணாம்னவனுக்காக நாம தெருவுல நிக்கணுமா?"

சரோஜாம்மா

வேறொரு வீட்டுக்குப் பூ கொடுக்க அடுகோடி பக்கம் போனேன். சரோஜாம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தட்டு எடுத்து வந்தார். பையில் இருந்த பூ இன்னொரு அம்மாவுக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என் பொறந்தநாள் எனக்கெங்க தெரியும் கண்ணு? அவன் அனுப்பினாத்தான் தெரியும். கணேச ஹப்பா, பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சா நீ வருவேன்னு மட்டும் ஞாபகம்" என்றார். மகன் போனில் பேசியும் ரொம்ப நாளாச்சாம். ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோயிருந்தார். உங்க பையன் நல்லா இருக்கார் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவைத்தேன். வெறும் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் என் கையைப் பற்றினார். "நீதான் அவனுக்கு மெயில் போடுவியே. பூவெல்லாம் வேணாம்மா, உங்க அம்மா நல்லா இருக்காங்கன்னு மட்டும் ஒரு வரி போட்டுடு."

வேண்டாம் என்றவனுக்கு மெயில் போட்டால் குற்றம் என்று அத்தனை விவரமாகச் சட்டம் எழுதினவர்கள், பெற்றவளுக்கு ஒரு வரி போடாதவனுக்கு மட்டும் ஒரு பிரிவும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.