பரமேஸ்வரிக்குப் போன முதல் இடம்

எனக்கு அவமானமான பகுதியையும் விடாமல், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஈப்போவில் எங்கள் பள்ளிக்கு ஒரே கம்ப்யூட்டர். வந்த வரிசைப்படிதான் உட்காரலாம். இன்று முதலில் வந்தவள் நான். பெயர்களைக் கம்ப்யூட்டரில் சேர்க்கும் வேலையையும் டீச்சர் எனக்கே கொடுத்தார்.

பட்டியலில் சேர்க்க இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று புதுப் பெயரைக் கடைசியில் வைக்கும், மற்றது முன்னால் வைக்கும். என் பெயரை முதலில் தட்டினேன். பிறகு வர வர மற்றவர்களைச் சேர்த்தேன். காம்பார் பஸ்ஸில் தாமதமாக வந்த பரமேஸ்வரியைக் கடைசியாகச் சேர்த்தேன்.

திரையில் பார்த்தால் அவள் முதலில், நான் கடைசியில்! ஒவ்வொரு தடவையும் முன்னால் வைக்கும் கட்டளையையே தட்டியிருக்கிறேன்.

“டீச்சர், நான்தான் முதல்ல வந்தேன்!”

“பட்டியல் போட்டது நீதானேம்மா? அப்படியே போகட்டும்.”

பரமேஸ்வரி சிரித்தாள். “தெரிமா காசே, ரொம்ப நன்றி சரசு! உனக்கு நல்ல மனசு லா.”

அவள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது. நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த நட்சத்திரத்தை அவள் திரையில் வரைந்துவிட்டாள். நான் மனதில் நினைத்ததைவிட அழகாகவே வந்தது.

இதற்குப் பொறாமைப்படாமல் இருக்கும் வழி தெரிந்தவர்கள் நாளை பஸ்ஸில் சொல்லித் தாருங்கள்.

என் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நேரம் முடிந்தது என்று டீச்சர் விளக்குகளை அணைத்துவிட்டார்.