எதிரணியிலிருந்து ஒரு டொக்டர்

போன கிழமை ட்ராமில் ஒரு வாசம். வலித் தைலம். முழங்காலில் பூசிக்கொண்டு யாரோ ஒரு ஜேர்மன் முதியவர் ஏறியிருக்கிறார். பெட்டி முழுக்கக் கற்பூரமும் கராம்பும்... நான் இறங்கவேண்டிய தரிப்பு கடந்து போனது. மூக்கு என்னைக் கோடைகால மைதானத்துக்கு இழுத்துப் போய்விட்டது.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்களுக்குக் கொலோன் நகரில் ஒரு உதைபந்தாட்ட அணி உண்டு. ஊரில் கல்லூரிக் கட்டடத்தில் இப்போது அகதிகள் படுத்திருக்கிறார்கள். இங்கே அதன் பெயர் பதினொரு முதுகுகளில் ஓடுகிறது. நான் செயலாளர்.

அணிக்கு இரண்டு டொக்டர்கள். பெரிய டொக்டர் அண்ணை, சின்ன டொக்டர் அண்ணை. ஊரில் வைத்தியர்கள். இங்கே ஒருவர் றெஸ்ரோரண்ட் குசினியில், மற்றவர் பொதி கட்டும் கொம்பனியில். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மட்டும்தான் யாராவது அவர்களை "டொக்டர்" என்பார்கள்.

அவர்களை மாற்றவேண்டும் என்று சொன்னவன் நான்.

கைராசி இல்லையா? நிறைய உண்டு. குறை ஒன்றே ஒன்று – இருவரும் எங்கள் கல்லூரி. ஒரு கண் காயத்தில் இருக்கும், மற்றக் கண் கோல் கணக்கில் இருக்கும்.

வசந்தத்தில் சுதன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தைலம் பூசினார்கள். துணி சுற்றினார்கள். "ஒண்டுமில்லை, ஓடு!" ஓடினான். எலும்பு வெடித்திருந்தது. கூரை வேலை பழகிக்கொண்டிருந்த பொடியன். ஏணி ஏற ஏலாமல் அந்தத் தொழிற்பயிற்சி, ஆசுபில்டுங், கைவிட்டுப் போயிற்று.

நாங்கள் வென்றோம். கோப்பை என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. தூசி தட்ட மனமில்லை.

கூட்டம் என் வீட்டில் நடந்தது.

"எங்களை நிப்பாட்டிப்போட்டு ஆரைப் பிடிக்கப் போறீர்?" பெரிய டொக்டர் அண்ணை கேட்டார்.

"சுகந்தி அக்காவை."

தேத்தண்ணிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. சுகந்தி அக்கா இங்கே திரும்பவும் படித்து, ஆஸ்பத்திரியில் டொக்டராக வேலை செய்பவர். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அவருடைய கணவர், எங்கள் பரம எதிரிக் கல்லூரியின் கப்டன்!

"நல்லது. அப்பிடியே கோல் காக்கவும் அங்கையிருந்து ஒராளைக் கூப்பிடுமன்!" சின்ன டொக்டர் அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணை, நாங்கள் வெல்லவேணுமெண்ட ஆசையே இல்லாத ஒராள்தான் வேணும்."



"எனக்கு மிஞ்சியிருக்கிறது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தம்பி" என்றார் பெரிய டொக்டர் அண்ணை.

அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். முடிவை மாற்றவில்லை. நேசம் கைதட்ட நல்லது... காய்ச்சல் பார்க்க உதவாது.

கோடைச் சுற்றுப்போட்டி. இறுதி ஆட்டம். எதிரே யார்? அக்காவின் கணவரும் அவருடைய அணியும்தான்.

இரண்டாம் பாதி. சமநிலை. பந்துக்காக எம்பிய எங்கள் குகன், இன்னொருவன் தலையோடு மோதி விழுந்தான். உடனே எழும்பினான். சிரித்தான். கைகாட்டினான். சுகந்தி அக்கா ஓடிப்போய் அவன் கண்களைப் பார்த்தார். ஏதோ கேட்டார். பிறகு ஒரே சொல்:

"வெளியில."

மைதானம் கொதித்தது.

"தன்ர மனுசனை வெல்லவைக்க வந்தவ!"

"செயலாளரும் அந்தப் பள்ளிக்கூடமோ?"

"எனக்கு ஒண்டுமில்லை, விடுங்கோ அக்கா!" குகன் திமிறினான். அக்கா அசையவில்லை. நானும்தான்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெரிய டொக்டர் அண்ணை வந்தார். நம்பிக்கையோடு வழிவிட்டார்கள். அவர் குகனின் முகத்தைப் பார்த்தார். கோல் பலகையைப் பார்த்தார். திரும்பவும் முகத்தை.

"இரடா" என்றார். "அவ சொல்லுறதைக் கேள்."

குகன் இல்லாமல் ஆடினோம். தோற்றோம்.

கணவர் கோப்பையோடு படத்துக்கு நிற்க, சுகந்தி அக்கா நிற்கவில்லை. குகனைக் காரின் பின்சீட்டில் ஏற்றினார். பெரிய டொக்டர் அண்ணையும் அவனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு.

என்னோடு இனிப் பேசவே மாட்டான் என்று நினைத்துக்கொண்டு கார் ஜன்னல் பக்கம் குனிந்தேன். குகன் கண்ணாடியை இறக்கினான். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"அண்ணை, மட்ச் எத்தினை மணிக்குத் தொடங்கும்?"