கற்பூரம் மணக்கும் பந்து

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அண்ணன் வீட்டு அலமாரியை ஒதுக்கியபோது, ஒரு பழைய டேபிள் டென்னிஸ் பந்து கிடைத்தது. முகர்ந்து பார்த்தேன். அந்தக் காலத்துப் பந்துகளுக்கே உரிய கற்பூர வாசம் இன்னும் போகவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு மேசை. தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்குப் பந்து பொறுக்க வேண்டும். அண்ணனிடம் தோற்றுத் தோற்றே கோடை விடுமுறையில் பாதி நாள் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்தேன். ஒருநாள் எரிச்சலில் மட்டையால் பந்தின் அடியைச் சீவித் தள்ளினேன். தரையில் முன்னே ஓடிய பந்து நின்று, என்னிடமே திரும்பி வந்தது.

வீட்டுச் சிமெண்டுத் தரையில் பத்து நாள் அதையே பழகினேன். வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கும் அம்மா, "செத்த நேரம் சும்மா இருக்க மாட்டியா புள்ள" என்பாள்.

இருபத்தொன்று எடுத்தால் வெற்றி; அடுத்த ஆட்டத்தில் இருபதுக்குப் பத்தொன்பது என்று முன்னால் இருந்தேன். சர்வீஸும் எனக்கு. சீவிப் போட்டேன். அண்ணன் ஓங்கி அடித்தான். பந்து வலையில் விழுந்தது.

"பந்துல என்னமோ தடவியிருக்க" என்று முகர்ந்து பார்த்தான்.

"வேற பந்து எடுத்துக்க அண்ணே, திரும்பப் போடுறேன்."

அதுவும் வலையில்தான் விழுந்தது. மண்டபமே பார்க்க, அண்ணன் பெஞ்சுக்கு அடியில் குனிந்தான்.

"அன்னைக்கு நீ தடவித்தான் இருந்த" என்கிறான், தலை நரைத்த பிறகும். அலமாரியில் கிடைத்த பந்தைத் தரையில் வைத்து விரலால் அழுத்திச் சுண்டினேன். அவன் கால்வரை ஓடியது. குனிந்து எடுக்கப் போனான். அதற்குள் என்னிடம் திரும்பி வந்துவிட்டது.