கோட்டுக்கு வலப்பக்கம்

சவுரியம்மாள் டீச்சர் ஓய்வுபெற்றபோது திண்டிவனத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடை ஏறிய எல்லாரும் அவரை ‘ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியர்’ என்றார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பட்டத்தை ஒவ்வொருவர் சொல்லும்போதும் டீச்சர் தரையைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்பது அந்தப் பந்தலில் எனக்கு மட்டும் தெரியும். மாலைக்கும் சால்வைக்கும் நடுவில் அதைச் சொல்ல முடியாது.

என் பெயர் கோதண்டபாணி, வரலாற்று வாத்தியார். எண்பத்து நான்கில் மாவட்டக் கல்வி அலுவலர் ஒரு காரியம் செய்தார். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளின் அறிவியல் பாடத்தையும், அதை நடத்துகிற வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையையும் டீச்சர் தலையில் கட்டினார். கிராமத்துப் பள்ளிகள் பத்தாம் வகுப்பில் அறிவியலில்தான் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்தன. வேறு யாரும் அந்த வேலைக்குக் கையை நீட்டவில்லை. டீச்சருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். வரலாற்றுக்காரனுக்கு அறிவியலில் என்ன வேலை என்று நானும் கேட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம், ஸ்டென்சில் எழுத ஆகுமாம்.

டீச்சர் ஒலக்கூர் பக்கத்துப் பெண். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் கொல்லை கழனியில் கூலி வேலை செய்தவர்கள். கணவர் ரயில்வேக்காரர், குடித்தனம் விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால். தினமும் பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனம் வருவார். உட்கார இடம் கிடைத்தால் விக்கிரவாண்டி வருவதற்குள் பாடப் புத்தகத்தைப் பிரித்துவிடுவார். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே பிரிப்பார்.

எந்தப் பயிற்சியையும் அவர் ஒரே கதையில்தான் தொடங்குவார். ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அவரை எழுப்பி, நிலக்கடலை எந்த மண்ணில் நன்றாக வரும் என்று கேட்டாராம். இவர் விழித்தாராம். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றாராம். வகுப்பே சிரித்ததாம். அன்று காலையில் அவர் தின்றுவிட்டுப் போனதே அதைத்தான். வீட்டில் அதற்குப் பெயர் மல்லாட்டை. இந்தக் கதையை நான் கேட்டுக் கேட்டு, அடுத்த வரி அவர் வாயிலிருந்து வருமுன் எனக்கே வந்துவிடும். அவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் இறங்கும்.

அந்தக் கதையிலிருந்துதான் அவருடைய முறை பிறந்தது. கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் பிள்ளையின் வீட்டுச் சொல், வலப்பக்கம் புத்தகச் சொல். முதலில் பாடம் முழுவதும் இடப்பக்கத்துச் சொல்லிலேயே ஓட வேண்டும். பிள்ளை வாயைத் திறக்க வேண்டும். அது திறந்து, விஷயம் உள்ளே போன பிறகுதான் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போக வேண்டும். இடப்பக்கம் மல்லாட்டை, வலப்பக்கம் நிலக்கடலை. இடப்பக்கம் நாக்குப்பூச்சி, வலப்பக்கம் மண்புழு.

பயிற்சியை அவர் இரண்டாகப் பிரித்தார். ஆடியில் இடப்பக்கம், மார்கழியில் வலப்பக்கம். அதுவரை யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது. எனக்கு இது அப்போதே பிடிக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்து அனுப்பிவிடலாமே என்றேன்.

“குடுத்தா வாத்தியாருங்க வலப்பக்கத்த மட்டும் எழுதிக்கினு போயிடுவாங்க சார்,” என்றார். “அவங்களுக்கு அதான் சுளுவு. இது மொதல்ல உள்ள எறங்கட்டும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். பேசாமல் ஸ்டென்சில் எழுதப் போய்விட்டேன்.

ஆடிப் பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். வாத்தியாரே ‘மல்லாட்டை’ என்று போர்டில் எழுதுவதா என்றார் ஒருவர். சிரிக்காமல் கேட்டவர் தாண்டவராயன். காணைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இந்த ஒருத்தர் போதும் என்றார் டீச்சர் என்னிடம்.

ஐப்பசியில் தாண்டவராயன் வகுப்பைப் பார்க்கப் போனோம். பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பார்த்த கிராமத்து வகுப்புகளில் மேலதிகாரி நுழைந்தால் பிள்ளைகளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே பேசிக்கொண்டே இருந்தார்கள். வேர் முடிச்சு பாடம். பூமாலை என்று ஒரு பெண், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை, எழுந்து நின்றது. மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முண்டு இருக்கும், அதில் இருக்கிற கிருமி காற்றிலிருந்து சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கும், அதனால்தான் மல்லாட்டை போட்ட கொல்லையில் அடுத்த வெள்ளாமை தெம்பாக வருகிறது என்று தடங்கலில்லாமல் சொன்னது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே கொஞ்சம் என்னவோ போலிருந்தது, உண்மையைச் சொன்னால்.

வகுப்பு முடிந்ததும் தாண்டவராயன் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். பத்தாவது பாஸானால் நர்ஸ் படிப்புக்கு விடுவதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறாராம். பெயிலானால் அம்மாவோடு கொல்லைக்கு வேலைக்குப் போக வேண்டும், அதற்கு மேல் பேச்சில்லை என்று சொல்லிவிட்டாராம். மற்ற பாடமெல்லாம் நன்றாகவே வருகிறது, அறிவியல் ஒன்றுதான் பயமாக இருந்தது, இப்போது அதுவும் இல்லை என்றார் தாண்டவராயன். டீச்சர் அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, “நீ பாஸாயிடுவம்மா. நான் சொல்றேன்,” என்றார். அவர் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மார்கழியில் வலப்பக்கம் வரவில்லை. தேர்தல் வந்தது. வாத்தியார்களை எல்லாம் ஓட்டுச்சாவடி வேலைக்குப் பிடித்துக்கொண்டார்கள். அது முடிந்ததும், தையில் ஒருநாள் கொடுங்கள் என்று டீச்சர் அலுவலரிடம் போய் நின்றார். பாடம் முடியாமல் கிடக்கும்போது பயிற்சி எதற்கு, போனதை வைத்து ஒப்பேற்றுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அரைகுறையாக நிற்கிறதே என்று டீச்சர் கெஞ்சியிருக்கிறார். அவர் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டாராம். ஒப்பேற்றுவது என்ற சொல்லை நம் இலாகாவில் யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்குச் சிலை வைக்கலாம்.

அதன்பிறகு டீச்சர் சனிக்கிழமைகளில் தாமே கிளம்பினார். ஒலக்கூர் பக்கம், மயிலம் பக்கம், கண்டமங்கலம் ரோட்டில் உள்ள பள்ளிகள் என்று பஸ் பிடித்துப் போய், கிடைத்த வாத்தியாரை உட்காரவைத்து வலப்பக்கத்தைச் சொல்லிவிட்டு வந்தார். சில நாள் நானும் போனேன். யார் யார் சுணங்கினவர்களோ அவர்களிடம் முதலில் போனார். காணைப் பக்கத்தைக் கடைசியில் வைத்தார். தாண்டவராயன் கெட்டிக்காரர், அவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, அவராகவே கோட்டைத் தாண்டியிருப்பார் என்றார். மாசி பிறந்தது, டீச்சர் காய்ச்சல் வந்து படுத்தார், பரீட்சையும் வந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கு மட்டும் போகவே இல்லை.

ரிசல்ட் பேப்பர் ஸ்டேஷனுக்கு வந்த அன்று நானும் அவரோடு இருந்தேன். பூமாலையின் நம்பர் அதில் இல்லை. மேலும் கீழும் பார்த்தார், பக்கத்துப் பத்தியிலும் பார்த்தார். மார்க் ஷீட் வந்த பிறகு தாண்டவராயன் விவரம் சொல்லி அனுப்பினார். மற்றதெல்லாம் நன்றாகவே பாஸ். அறிவியலில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும். அந்த வகுப்பில் வாய் திறந்து பேசிய பிள்ளைகள் இன்னும் பலர் அறிவியலில் பெயிலாகியிருந்தார்கள். எப்படி என்று எங்களுக்கு விளங்கவில்லை. கூட்டிப் பார்க்க மனுப் போட்டோம். கூட்டலில் தப்பில்லை என்று பதில் வந்தது.

விளங்கவைத்தது ஒரு சிரிப்பு. டீச்சரோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த தோழி ஒருத்தர், தெற்கே தூரத்து ஊரில் அறிவியல் டீச்சர். விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், டீச்சர் வீட்டில் வந்து தங்கினார். நானும் என் மனைவியும் பார்க்கப் போயிருந்தோம். காப்பி குடித்துக்கொண்டே, பேப்பர் திருத்தும் முகாமில் நடந்த வேடிக்கையை அவர் சொல்ல ஆரம்பித்தார். வயிற்றில் இருக்கிற நாக்குப்பூச்சியை ஒரு பிள்ளை உழவனின் நண்பன் என்று எழுதியிருந்ததாம். அவர்கள் ஊரில் நாக்குப்பூச்சி என்றால் வயிற்றுப் புழுதான்.

“இன்னொண்ணு கேளு,” என்றார் அவர். “வேர் முடிச்சுக்கு எடுத்துக்காட்டு கேட்டா, மல்லாட்டை மல்லாட்டைன்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கு. அழகான கையெழுத்து வேற. நாலு பேரு கூடிப் பாத்தும் என்னன்னு வெளங்கல. விடைக்குறிப்புல அப்படி ஒண்ணும் இல்ல. அடிச்சுட்டேன்.”

அவர் மேல் குற்றம் இல்லை. தெரியாத சொல்லுக்கு யார் மார்க் போடுவார்கள்? என் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். டீச்சர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்து தோழிக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். மல்லாட்டை என்றால் என்ன என்று அவரிடம் சொல்லவே இல்லை.

மறுவாரம் காணைக்குப் பஸ் ஏறினோம். தாண்டவராயனுக்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்திருந்தது. இளைத்துப்போயிருந்தார். வலப்பக்கம் என்று ஒன்று வரும் என்று தெரியுமே, ஏன் தாமாகவே சொல்லிக்கொடுக்கவில்லை என்று நான்தான் கொஞ்சம் சூடாகக் கேட்டேன்.

“மேடம் வந்து சொல்றவரைக்கும் கோட்டத் தாண்டக்கூடாதுன்னு பயிற்சில சொன்னாங்க சார்,” என்றார். “வருவாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். பரீட்சை வந்துடிச்சி.”

குற்றம் சாட்டுகிற குரல் அதில் துளியும் இல்லை. சாட்டியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “நான்தான் கெடுத்தேன்,” என்றார் டீச்சர். 

பூமாலை வீட்டில் இல்லை. கொல்லையில் இருப்பதாகச் சொன்னார்கள். வெயிலில் வரப்போடு நடந்தோம். பிடுங்கிய செடிகளைக் குவித்துப்போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணும் அதில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் வகுப்பில் பேசிய பெண் என்று சொன்னால்தான் தெரியும்.

டீச்சர் புடவையைக்கூடச் சுருட்டிக்கொள்ளாமல் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். மறுபடி எழுதலாம் என்றார். வாராவாரம் தானே வந்து சொல்லித்தருவதாகச் சொன்னார். அப்பாவிடம் பேசுவதாகவும் சொன்னார். அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை.

“வேணாங்க டீச்சர். எனக்கு வராதுங்க,” என்றது.

வரும் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அது ஆய்வதை நிறுத்தவில்லை. டீச்சர் குவியலில் இருந்து ஒரு காயை எடுத்தார். உடைத்தார். ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“இன்னாம்மா ஆஞ்சிக்கினு இருக்கீங்க எல்லாரும்?”

அந்தப் பெண் செடியைக் கீழே வைத்தது. எழுந்து நின்றது. வகுப்பில் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டது.

“நிலக்கடலைங்க டீச்சர்.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது இன்னாடி அது என்றாள் ஒருத்தி, எல்லாரும் சிரித்தார்கள். அதன் அம்மாவும் சிரித்தாள். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், சரியா என்று கேட்பது போல டீச்சரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

டீச்சர் உட்கார்ந்தபடியே அதன் கையைப் பிடித்துக்கொண்டு, “மல்லாட்டைன்னே சொல்லும்மா,” என்றார்.

அது தலையை ஆட்டியது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டது.

“அது தப்புங்க டீச்சர்,” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து அடுத்த செடியை எடுத்தது.