எட்டாம் எண் வலது பாதம்

போர் தொடங்கிய வாரத்தில் அவளுடைய கணவன் சோபாவில் இருந்தபடியே மூன்று ஊர்களைப் பிடித்தான். நகரப் பேருந்தில் கண்டக்டர். வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

"நாம உள்ள பூந்துட்டோம்" என்பான். "பாலத்தைத் தாண்டிட்டோம்."

"தாண்டினவரு அப்படியே எழுந்து அந்தக் குப்பைக்கூடையை வாசல்ல வைங்க. வண்டி வந்துடும்."

அவள் வேலை பார்த்தது அரசு மருத்துவமனையின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் இருந்த செயற்கைக் கால் பட்டறையில். பத்தொன்பது வருடம். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் கால் அக்கா. புதிதாக வரும் டாக்டர்கள் முதலில் மேடம் என்பார்கள். ஒரு மாதத்தில் அவர்களும் கால் அக்காவுக்கு வந்துவிடுவார்கள். புது நோயாளிகள் பேரைக் கேட்டுவிட்டு அவளுடைய கால்களை ஒருமுறை பார்ப்பார்கள். இரண்டும் நன்றாகவே இருந்தன.

வேலை இதுதான். முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்கு மிஞ்சிய முனையில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுக்க வேண்டும். பட்டறையில் அந்த முனைக்கு மொட்டை என்று பேர். அச்சிலிருந்து ஒரு கிண்ணம் செய்வாள். கிண்ணத்தில் மொட்டை போய் உட்காரும். கிண்ணத்துக்குக் கீழே குழாய், குழாய்க்குக் கீழே ரப்பர் பாதம். பாதம் மட்டும் கிடங்கிலிருந்து பெட்டியில் வரும், செருப்பு மாதிரி எண் போட்டு. புது மொட்டை வீங்கியிருக்கும். தையல் ஆறி, வீக்கம் வடிந்து, தன் அளவுக்கு வர மூன்று மாதமாவது வேண்டும். அவசரப்பட்டுப் பாரம் ஏற்றினால் தையல் விடும், சீழ் பிடிக்கும், டாக்டர் இன்னும் மேலே வெட்டுவார். மேலே என்றால் முட்டி. முட்டி இருக்கிறவன் படியேறுவான், பேருந்தில் ஏறுவான், கக்கூஸில் உட்கார்ந்து எழுந்திருப்பான். முட்டி போனவனுக்கு இவை ஒவ்வொன்றும் தனி உத்தியோகம். ஆகவே பட்டறையில் அவளுக்கு ஒரே கொள்கைதான், முட்டி. அது அரசாங்கம் மாறும்போதெல்லாம் மாறியதில்லை.

போருக்குப் போனது ஏன் என்று முதல் வாரம் ஒரு காரணம் சொன்னார்கள். அது பொய் என்று தெரிந்ததும் இரண்டாவது வாரம் வேறொன்று சொன்னார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து காரணம் கேட்பவன் யார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மக்களுக்கும் அதுவே பிடித்திருந்தது. காரணத்தைவிட ஆளைத் தேடுவது சுலபம்.

அந்த வாரமே கிடங்கிலிருந்து அறுபது பாதங்கள் வந்தன. எல்லாம் எட்டாம் எண். பிரித்துப் பார்த்தால் இடது ஐம்பத்தேழு, வலது மூன்று. கிடங்குக்கு எழுதினாள். "போர்க்கால நெருக்கடியில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கவும்" என்று பதில் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: பாதங்கள் முதலில் போர்வீரர்களுக்கு, அப்புறம்தான் விபத்துக் கேஸ்கள்.

விபத்துக் கேஸ்களில் ஒருத்தி முட்டைக்காரம்மா. எல்லையோரத்தில் முட்டைக்கடை வைத்திருந்தவள். போரின் நாலாம் நாள் நம் பக்கத்துப் பீரங்கிக் குண்டு ஒன்று எல்லையைத் தாண்டச் சோம்பல்பட்டு அவள் கடை வாசலில் விழுந்தது. வலது காலும் கணவனும் போனார்கள். படிவத்தில் காயத்தின் காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டம் இருந்தது. எதிரி தாக்குதல், விபத்து. குமாஸ்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விபத்தில் டிக் அடித்தான். மூன்று மாதமாக அவள் தாழ்வாரத்து பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தாள். மொட்டை நன்றாக ஆறிக் கல்லு மாதிரி இருந்தது. கிண்ணம் தயார், குழாய் தயார். பாதம் இல்லை. வலதில் இரண்டு, முன்பே கால் போன பழைய பட்டாளத்தாருக்குப் போய்விட்டது. பாக்கி ஒன்று.

இதற்கு நடுவில், பத்தாவது வாரம், ஒரு பையன் வந்தான். இருபத்துமூன்று வயது. வலது கால், முட்டிக்கு நாலு விரல் கீழே. குன்றைப் பிடிக்கும்போது காயமடைந்தான் என்று டிவியில் சொன்னார்கள்.

"குன்றுல எனக்கென்னக்கா வேலை" என்றான் அவன். "தண்ணி வண்டி ஓட்டிட்டு இருந்தேன். கண்ணிவெடி. பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் போயிட்டான்."

வார்டில் அவனுக்குத் தண்ணி வண்டி என்றே பேர் வந்துவிட்டது.

வியாபாரிகள் சங்கச் செயலாளர் அவனுக்குச் சால்வை போட வந்தார். நாலு படம் எடுத்தபின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நாம ஜெயிச்சிட்டு இருக்கோம் தம்பி" என்றார்.

"நாங்க அங்க இருந்தப்ப அப்படித் தெரியலீங்க."

"நாங்கன்னு பிரிக்காத. நாமன்னு சொல்லு. எல்லாரும் சேர்ந்துதானே போராடறோம்."

தண்ணி வண்டி அவரை மேலும் கீழும் பார்த்தான். "வண்டியில உங்களைப் பார்த்த ஞாபகம் இல்லீங்களே."

செயலாளர் சிரித்தார். சிரித்த படம்தான் பத்திரிகையில் வந்தது.

போரின் நூறாவது நாளுக்கு விழா எடுத்தார்கள். அதற்கு ஆறு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் செயலாளரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் பதவியில் இருந்த எவரும் அங்கே வந்ததில்லை. மாவு படிந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டு இருவரும் நின்றார்கள்.

"தண்ணி வண்டிப் பையன் மேடையில நடக்கணும்மா" என்றார் கண்காணிப்பாளர். "இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம். பதினஞ்சு அடி."

"முப்பது நாள்கூட ஆகல சார். தையல் ஈரமே காயல."

"பதினஞ்சு அடிதானே."

"முட்டிக்கு அடி எண்ணத் தெரியாது சார். தையல் விட்டா மேல வெட்டணும்."

"வலிக்கு ஊசி போட்டுடலாம்."

"ஊசி போட்டா வலி தெரியாது. தையல் விடறதும் தெரியாது." அவள் தாழ்வாரத்துப் பக்கம் கையைக் காட்டினாள். "யாராவது நடக்கணும், அவ்வளவுதானே? முட்டைக்காரம்மா இருக்காங்க. பாதத்தை மாட்டினா நாளைக்கே நடப்பாங்க. மேடையில என்ன, தெரு முழுக்க நடப்பாங்க."

செயலாளருக்கு ஆர்வம் வந்தது. "பொம்பளைன்னா இன்னும் உருக்கமா இருக்கும். எங்க அடிபட்டாங்க?"

"எல்லையில. கடை வாசல்ல."

"எதிரி குண்டா?"

"நம்ம குண்டு."

செயலாளர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் சுவரில் இருந்த ரம்பத்தைப் பார்த்தார்.

"நம்ம குண்டுன்னு சொல்லாதீங்க" என்றார் செயலாளர்.

"பின்ன யாரோடது? பாலத்தை நாம தாண்டினோம், குன்றை நாம புடிச்சோம். குண்டு மட்டும் வேற யாரோடதா சார்?"

"பட்டறையில அரசியல் வேண்டாம்மா" என்றார் கண்காணிப்பாளர். "கால் செய்யறது மட்டும் உங்க வேலை."

அவள் உத்தரவை எழுத்தில் கேட்டாள். மாலைக்குள் வந்தது. தேசத்தின் தேவை கருதி மேற்படி காலை உடனடியாகத் தயாரிக்கவும் என்று இருந்தது. தேசத்துக்கு எத்தனையாம் எண் பாதம் என்று அதில் இல்லை.

தண்ணி வண்டியிடமே கேட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"நடந்துடறேன்க்கா."

"முட்டி போயிடும்டா."

"போகட்டும். கூட இருந்தவன் பேரை மேடையில சொல்றேன்னு அவங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். டிவியில அவன் பேரைத் தப்பா சொன்னாங்க."

"பேரைச் சொல்லக் கால் எதுக்கு? வாய் போதாதா?"

"உட்கார்ந்து சொன்னா யாரு கேப்பாங்க?"

அவள் மாவு கரைத்து, வீங்கியிருந்த மொட்டையில் அச்செடுத்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலை முட்டைக்காரம்மாவை உள்ளே கூப்பிட்டாள். கடைசி வலது பாதத்தை அவளுடைய குழாயில் மாட்டி முடுக்கினாள். நடைபழகும் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவில் இரண்டு தடவை போய்வந்தபின் முட்டைக்காரம்மா கம்பியை விட்டுவிட்டாள். நின்று கீழே பார்த்தாள். தன்னுடைய ஐந்தாம் எண் இடது பாதம், பக்கத்தில் எட்டாம் எண் வலது.

"ஆம்பளைப் பாதமா இருக்கே" என்றாள்.

"பொம்பளை அளவு வரலம்மா."

"பரவால்ல. எங்க வீட்டுக்காரரு அளவுதான். இவ்வளவு வருஷத்துல ஒருநாள்கூட என்கூடச் சேர்ந்து நடந்ததில்ல அந்த ஆளு."

மதியப் பேருந்தில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். கால் அக்கா பெட்டியிலிருந்து ஓர் இடது பாதத்தை எடுத்து, தண்ணி வண்டியின் வலது காலில் பொருத்தி, உறை போட்டு மூடி அனுப்பினாள்.

மறுநாள் மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் சீருடை, பளபளக்கும் பூட்ஸ், பவுடர் எல்லாம் தயாராக இருந்தன. காலை மாட்டிவிட அவளையும் வரச்சொல்லியிருந்தார்கள். பையனின் காலில் வலது பூட்ஸ் ஏறவில்லை. உதவியாள் தள்ளினான். ஏறவில்லை. செயலாளரே மண்டியிட்டார். நூறு நாளில் அவர் உடம்பு வளைத்துப் போருக்குச் செய்த ஒரே காரியம் அதுதான். வியர்த்து விறுவிறுத்துப்போய் உறையைக் கழற்றினார். பெருவிரல் வெளிப்பக்கம் இருந்தது.

"என்னம்மா இது?"

"இடது பாதம் சார். மாறிப்போச்சு."

"வலதை மாட்டுங்க."

"இருப்பு இல்ல. இருந்த ஒண்ணு விபத்துக் கேஸுக்குப் போயிடுச்சு. கைப்பிசகு."

வெறுங்காலோடு நடக்கவிடலாமா என்று யோசித்தார்கள். கேமராக்காரன், விரல் தெளிவாகத் தெரியும் என்றான். கடைசியில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் தன் கூட்டாளியின் பேரைச் சொன்னான். மைக் நிற்பவரின் உயரத்தில் இருந்தது. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. வாயசைவைப் பார்த்துவிட்டு முன்வரிசை கைதட்டியது.

அவளுக்குக் குறிப்பாணை வந்தது. கைப்பிசகு என்ற ஒரே வார்த்தையை மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். தற்காலிகப் பணிநீக்கம். யாரோ அவள் வீட்டுச் சுவரில் துறோகி என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

"டிப்போவுல ஒருத்தனும் என்கிட்ட பேச மாட்டேங்கறான்" என்றான் கணவன், சுண்ணாம்பு வாளியும் கையுமாக. "நீ ஏன் இப்படிப் பண்ணின?"

"அழிக்கறதுக்கு முன்னாடி எழுத்தைத் திருத்திட்டு அழிங்க. படிக்கிற பிள்ளைங்க போற தெரு."

ஏழு வாரத்தில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மாவுக்கட்டு அச்செடுக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. மொட்டைகள் வந்துகொண்டே இருந்தன.

எட்டாவது மாதம் படையைத் திரும்ப அழைத்தார்கள். குன்று பழைய ஆட்களிடமே போனது. எந்தத் தேதியில் ஜனங்கள் மனம் மாறினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு காலையில் எல்லோரும் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர்களாக எழுந்தார்கள்.

"அவங்க எதுக்கு அங்க போனாங்கன்னே புரியல" என்றான் கணவன், டிவியைப் பார்த்தபடி.

"யாரு?"

"கவர்மெண்டு. பட்டாளம்."

"நீங்களும்தான் பாலத்தைத் தாண்டினீங்க."

"நானா? எப்ப?" அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நினைவில்லை.

தண்ணி வண்டி கால் வாங்க வந்தான். கிடங்கிலிருந்து வலது பாதங்களும் ஒருவழியாக வந்திருந்தன. விழாவுக்குப் பிறகு அவன் அவளிடம் சரியாகப் பேசியதில்லை. அளவெடுக்க வந்தபோதும் கேட்டதற்கு மட்டும் பதில். மொட்டை வடிந்து, இறுகி, நல்ல அளவுக்கு வந்திருந்தது. பழைய கிண்ணத்தில் இப்போது அது லொடலொடவென்று ஆடும். புதுக் கிண்ணத்தை மாட்டி, "மடக்கு" என்றாள். மடக்கினான். "நீட்டு." நீட்டினான்.

அப்போது செயலாளர் வந்தார், இந்த முறை தூய வெள்ளையில். போரை எதிர்ப்போர் கூட்டமைப்புக்கும் அவர்தான் செயலாளர். ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம்மா. உங்களைக் கௌரவிக்கிறோம். போர் வெறிக்கு எதிரா அன்னைக்கே பாதத்தை மாத்தினீங்க. தம்பியும் வரணும். ஒண்ணு மட்டும், காலை மாட்டாம வந்தா நல்லா இருக்கும். அப்பதான் ஜனங்களுக்குப் புரியும்."

"கூட்டாளி பேரைச் சொல்லலாமா?" என்றான் தண்ணி வண்டி.

"தாராளமா. அவரும் இந்தப் போரே தப்புன்னு நினைச்சாருன்னு சேர்த்துச் சொல்லிடு."

"காலையில குடுத்த டீ நல்லா இல்லன்னுதான் அவன் நினைச்சான். அதைத்தான் சொல்லிட்டு இருந்தான்."

"அதையெல்லாம் மேடையில சொல்ல முடியாதே தம்பி." அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எதிர்த்துத்தானே மாத்தினீங்க?"

"போர் என்னைக் கேட்டா நடந்தது, நான் எதிர்க்க? முட்டிக்காக மாத்தினேன்."

சொன்னபின்தான் பையனும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. கைப்பிசகு இல்லை என்று அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"வேணும்னேதான் பண்ணீங்களா?" என்றான் அவன்.

"ஆமா."

"என் காலு அது. என்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டேன். நடக்கறேன்னு சொன்ன."

அவன் கொஞ்ச நேரம் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாரை இறுக்கிக்கொண்டு எழுந்தான். வாசலில் மூன்று படி. கைப்பிடியைத் தொடாமல் ஒவ்வொன்றாக இறங்கிப் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் போனான். கண்ணுக்கு மறையும்வரை அவள் அந்த வலது காலை மட்டும் பார்த்தாள். குதிகால் ஊன்றுவதில் குறை ஒன்றும் இல்லை.

"கோபக்காரப் பையன்" என்றார் செயலாளர். "போகட்டும். கால் இல்லாதவங்க வேற யாராவது இருந்தா சொல்லுங்களேன். ஞாயித்துக்கிழமைக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்."

அவள் சுவரிலிருந்து ரம்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீங்களே வந்திருக்கீங்களே சார். எந்தக் கால்னு சொல்லுங்க."