முனியப்பனுக்கு முடிந்த பூதராசன்

பீளமேட்டு மில்லில் ஃபிட்டராக இருந்த நஞ்சப்பனுக்குச் செல்லும் காசைவிடச் செல்லாத காசு மேல்தான் பிரியம். பதினெட்டு வருடம் நாணயம் சேர்த்தும், நாணயச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. 1997-இல்தான் மனிதருக்குத் தெம்பு வந்தது. தன்னைப்போலவே காசு சேர்க்கும் உக்கடம் ரசாக் பாயிடம் இருபத்தேழு கும்பினிக் காசுகளைக் கொடுத்து ஒரே ஒரு வெள்ளி நாணயம் வாங்கினார். ஏதோ ஒரு தீவு நாடு, படக் கம்பெனியிடம் முறையாக உரிமை வாங்கி அடித்த நினைவு நாணயம். அதில் ஓர் இங்கிலீஷ் மாயாஜாலப் படத்தின் பூதராசன் முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக, வெட்டுக்கத்தியோடு நின்றான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்தால் நாணயத்தைக் காணோம். மனைவியைக் கூப்பிட்டார்.

"ராசாத்தா! இங்கிருந்த வெள்ளிக்காசு எங்க புள்ள?"

"நம்ம முனியப்பன் காசுங்களா? உங்களுக்கு மொதப் பரிசு கிடைக்கோணும்னு வேண்டி, மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வெச்சுப்போட்டனுங்க. கிடைச்சா உண்டியல்ல போட்டரோணும். கிடைக்காட்டி அவுத்துக்கலாம்."

நஞ்சப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அது முனியப்பன் இல்லை, சினிமாப் பூதம் என்று மன்றாடினார்.

"சாமிக்கு முடிஞ்சதுக்கப்பறம் என்னங்க பூதம்? இப்ப அவுத்தா தெய்வக்குத்தமாயிருமுங்க."

கோபம் கோபமாகத்தான் வந்தது. ஆனாலும் இத்தனை வருடம் "ஓட்டைக்காசு" என்று ஏசிய வாய் தனக்காக வேண்டியிருக்கிறதே என்று மனசு இளகிப்போனது.

கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தாயிற்று; மஞ்சள் முடிச்சை அப்படியே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். நடந்ததை ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் சாய்த்தார். தோற்றால் காசு தப்பிக்கும். பரிசு கிடைக்கவே கூடாது என்று அன்று சாமி கும்பிட்டவர் அவர் ஒருத்தர்தான்.

கூட்டமோ சோழர் காசை விட்டுவிட்டு முடிச்சைச் சுற்றி மொய்த்தது. நடுவர்கள் அட்டையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எந்த ஊர்ச் சங்கத்திலும் இப்படியோர் உருப்படி கிடையாது என்று சொல்லி, கண்ணால் பார்க்காத நாணயத்துக்கே முதல் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். ரசாக் பாய் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். நஞ்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் முனியப்பன் கோயில் உண்டியலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு போட்டார். ராசாத்தாள் பரிசுக் கோப்பையை இடுப்பில் இடுக்கியபடி பூரித்துப்போனாள்.

"ஏனுங்க, அடுத்த வருசத்துக்கும் ஒண்ணு முடிஞ்சு வெச்சரட்டுங்களா?"

நஞ்சப்பன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே கடைவீதிக்குப் போய், நாணயப் பெட்டிக்கு இரண்டு பூட்டு வாங்கினார்.