வளைவுகளை எண்ணியவர்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பாதையில் பதினெட்டு வளைவுகள். அவற்றின் உச்சியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார் ஓர் ஒல்லி மனிதர். ஏறி வரும் வண்டி எதுவென்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

அன்று காலை அவர் கடையில், டர்போ உள்ள ஸ்போர்ட்ஸ் கார் உசத்தியா, இல்லாததா என்று நானும் நண்பனும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கீழே ஓர் எஞ்சின் உறுமியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வளைவுக்கொரு விரலாக மடக்கினார்.

"டர்போ வண்டிதான் தம்பி. எப்படி இழுக்குதுன்னு கேளுங்க."

"நான் சொல்லல்ல?" என்றான் நண்பன்.

ஏழாவது விரலில் சத்தம் சட்டென்று நின்றுபோனது.

"பேசாதீங்க!"

அவர் முகம் வெளிறியது. அடுப்பை அணைத்தார். வாழைக்குலை தொங்கவிடத்தான் என்று நான் நினைத்திருந்த கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, வளைவுகளுக்குக் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஓடினார். நாங்களும் ஓடினோம். பள்ளத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கார் வளைவோரம் பத்திரமாக நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் மலையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் திட்டவில்லை. "மேல வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம்" என்றார். கயிற்றை மட்டும் கடை வரும்வரை தோளிலிருந்து இறக்கவில்லை.

அந்தக் கயிறு அதற்கு முன் எத்தனை தடவை பள்ளத்தில் இறங்கியது என்று நான் கேட்கவில்லை. அவர் எண்ணி வைத்திருப்பார் என்று பயந்தேன்.